முதலில் மலையேறியவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: வின்த்ரோப் வீட்டில் பயிற்சி, நம் லயத்தில் பரீட்சை

இலங்கையின் மலையகத்தில், உயர்தர வகுப்பில் வரலாறு எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் ஒரே ஒப்படையைத்தான் கொடுக்கிறேன். உங்கள் குடும்பத்தில் இந்த மலைக்கு முதலில் வந்தவர் யார்? அவருடைய வாழ்க்கையையும் குடும்பத்தையும் நாலு பக்கத்தில் எழுதி வாருங்கள். வகுப்பில் உடனே ஒரு முணுமுணுப்பு கிளம்பும். "எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது சேர். தாத்தாவும் செத்துட்டாரு." பாதிப் பேர் சொல்வது இது. மீதிப் பேர் அடுத்த நாளே நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் பூட்டனார், தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணியாக இருப்பார், குதிரையில் போவார், தோட்டத்தை நடத்திய துரையே அவருக்குக் கை கொடுப்பார். எல்லார் பூட்டனும் கங்காணி என்றால் கொழுந்து பறித்தது யார் என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். அங்கேதான் பாடம் தொடங்கும்.

இப்போது வெளியே இருக்கும் பழைய மாணவர்களும் இந்த வேலையை எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு நம்மாட்கள் வந்து 200 வருஷம் என்று, 2023இல் மலையகம் 200 பற்றி எல்லாரும் பேசிய பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் முன்பின் தெரியாத ஒருவருடைய குடும்பத்தில் கையைப் பழக்குங்கள். நான் எடுப்பது ஜோன் வின்த்ரோப் என்ற பியூரிட்டன் குடியேறியை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் குடியேற்றத்தை நடத்திய ஆள். கொட்டகலைப் பிள்ளைகளுக்கு இவர் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. காரணம் சாதாரணமானது. அந்த மனிதர் நாட்குறிப்பு எழுதினார், பெண்சாதிக்குக் கடிதம் எழுதினார், உயில் எழுதினார். அவை தப்பிப் பிழைத்து, அச்சாகி, யாரும் படிக்கலாம் என்று கிடக்கின்றன. அவரைப் பற்றி நாம் தப்பாக எழுதினால் நம் மாமன் மச்சான் யாரும் கோபிக்கப் போவதில்லை. அதோடு, ஒரு குடியேறியின் வாழ்க்கையை எழுதும்போது வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் அந்த ஒரு வீட்டிலேயே இருக்கின்றன.

ஏன் கிளம்பினார், பின்னால் யார் வந்தார்

பிறந்த திகதியில் தொடங்க வேண்டாம். கொப்பியில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்றில் ஏன் கிளம்பினார், மற்றதில் பின்னால் யார் வந்தார்.

வின்த்ரோப் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நிலபுலமுள்ள வீட்டுப் பிள்ளை. சட்டம் படித்தவர். இங்கிலாந்துத் திருச்சபையில் மிஞ்சியிருந்த கத்தோலிக்கச் சடங்குகளைக் கழித்துச் சுத்தப்படுத்த வேண்டும் என்று நின்றவர்கள்தான் பியூரிட்டன்கள். முதலாம் சார்ள்ஸ் அரசர் காலத்தில் திருச்சபை நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சமயக் காரணம் இதுதான், பாடப்புத்தகமும் இதோடு நிறுத்திவிடும். ஆனால் 1629இல் லண்டனில் அவர் பார்த்துவந்த நீதிமன்ற வேலையும் போய்விட்டது. நிலத்து வருமானம் பற்றவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளைகள் பல பேர். ஆகவே முதல் பக்கத்தில் ஒரு காரணத்தோடு நிறுத்தாதீர்கள். நம் பக்கமும் அப்படித்தான். "பஞ்சத்துல வந்தாங்க" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். பஞ்சம் உண்மை. ஆனால் அதே ஊரில் இருந்த எல்லாரும் வரவில்லையே. கடன் இருந்ததா, நிலம் போயிற்றா, சாதிக் கொடுமையா, வீட்டில் சண்டையா, கங்காணி சொந்தக்காரரா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

1630 ஏப்ரலில் ஆர்பெல்லா என்ற கப்பலில் ஏறினார். ஜூனில் சேலம் என்ற இடத்தில் இறங்கினார். (இணையத்தில் தேடும்போது கவனம். மசாசூசெட்ஸ் சேலத்துக்கும் நம்மாட்கள் வந்த சேலம் ஜில்லாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத்தான். ஒரு பிள்ளை இரண்டையும் கலந்து, பியூரிட்டன்களை மேட்டூர்ப் பக்கம் இறக்கிவிட்டது.) அந்த ஆண்டு போன கப்பல்கள் 11, ஆட்கள் 700க்கு மேல். சேலத்தில் நிற்காமல் சார்ள்ஸ்டவுனுக்குப் போனார்கள். அங்கே நல்ல தண்ணீர் இல்லாமல், ஊற்று இருந்த பொஸ்டன் முனைக்கு மாறினார்கள். வருஷம் முடிவதற்குள் சுமார் 200 பேர் செத்துப்போனார்கள். பச்சைக் காய்கனி இல்லாமல் பல் ஈறு வீங்கிச் சாகிற நோயும் அதில் ஒன்று. 1631 பெப்ரவரியில் லயன் என்ற கப்பல் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்த பிறகுதான் அந்த நோயாளிகள் எழுந்தார்கள்.

அவருடைய மனைவி மார்கரெட் அப்போது முழுகாமல் இருந்தாள், அதனால் கூடப் போகவில்லை. திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு இருவரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வது என்று பேசிவைத்திருந்தார்கள். அவள் வந்து சேர்ந்தது 1631 நவம்பரில். அதே லயன் கப்பல். தகப்பன் முகம் பார்க்காத கைக்குழந்தை ஆன் வழியில் கடலிலேயே இறந்துவிட்டது. இதைச் சொல்லி முடித்த கையோடு பிள்ளைகளிடம் கேட்பேன்: உங்கள் பூட்டி பூட்டனோடு வந்தாளா, பின்னால் வந்தாளா, இல்லை இங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவளா? இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் தேடிப் போகும்போதுதான் கதை அசையும். கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் பருவத்துக்கு வந்து திரும்பினார்கள். வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்த பிறகு குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். பூட்டி வந்த விதம் தெரிந்தால் காலமும் பாதி தெரிந்துவிடும்.

திகதி என்ற தலைவலி

வின்த்ரோப் பிறந்தது 1588 ஜனவரி 12. ஆனால் அந்தக் காலத்துக் கணக்கில் அது 1587. அன்றைய இங்கிலாந்தில் புதுவருஷம் மார்ச் 25இல்தான் தொடங்கும். ஜனவரி, பெப்ரவரி எல்லாம் பழைய வருஷத்தின் வால். 1752இல்தான் அதை மாற்றினார்கள். அதனால் வம்சாவளி எழுதுகிறவர்கள் இந்த மாதங்களுக்கு 1587/88 என்று இரட்டை வருஷம் போடுவார்கள். இது போதாதென்று, மாதப் பெயர்கள் பழைய ரோமத் தெய்வங்களின் பெயர்கள் என்று பியூரிட்டன்கள் அவற்றை ஒதுக்கி நம்பர் போட்டார்கள். மார்ச் முதல் மாதம். அப்படியானால் பதினோராம் மாதம் என்பது நவம்பர் அல்ல, ஜனவரி.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ, வாயில் எப்படி வந்ததோ, அப்படியே ஒரு நிரலில் எழுதுங்கள். நம் கணக்குக்கு மாற்றியதைப் பக்கத்து நிரலில் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் வருஷம் சொல்லவே மாட்டார்கள். "அது பெரிய கோயில் திருவிழாவுக்கு முந்தி." "சின்னவன் வயித்துல இருக்கைல." ஆகவே ஊருக்குப் பொதுவான சில வருஷங்களைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவைத்துக்கொண்டு போங்கள். காந்தி இலங்கைக்கு வந்தது 1927 நவம்பர். முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டது 1940 ஜனவரி. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது 1942 ஏப்ரல். பாணுக்கு வரிசையில் நின்று, மரவள்ளிக்கும் வழியில்லாமல் கிடந்த பஞ்சம் 1973, 74. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1972லும் 1975லும். டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டது 1977 மே. கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது 1992. "சிவனு லெட்சுமணன் செத்தப்போ நீங்க பேர் பதிஞ்சு வேலைக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டால் பதில் வரும். "எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தீங்க?" என்று கேட்டால் வராது.

வந்த வழியையும் கேளுங்கள், அதிலேயே காலம் ஒளிந்திருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள் என்றால் பழைய கதை. தலைமன்னாரில் ரயில் ஏறினார்கள் என்றால் 1914க்குப் பிறகு, ஏனென்றால் தனுஷ்கோடிக் கப்பலும் அந்த ரயிலும் அந்த ஆண்டுதான் இணைந்தன. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884, பதுளைக்கு 1924. "கோப்பி மரத்துல கவ்வாத்து வெட்டினாரு" என்று பாட்டி சொன்னதாக ஒரு நினைவு இருந்தால், 1869இல் இலைநோய் வந்து அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி அழிந்ததை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆனால் இன்னொன்று. லயத்துக்குப் பின்னால் நாலு கோப்பி மரம் எல்லாக் காலத்திலும் நின்றது. அந்த மரத்தைப் பற்றித்தான் பாட்டி சொன்னாளா என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

தோட்டத்துப் பதிவில் உள்ள வயதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும் என்பதற்காக இரண்டு வயது கூட்டிச் சொன்ன பிள்ளைகள் நிறைய.

குடும்ப மரம்: பழைய காலண்டரின் பின்பக்கம்

வின்த்ரோப்புக்கு நான்கு மனைவிகள். ஒருத்தி இறந்த பிறகு அடுத்தவள். முதல் மனைவி மேரியைக் கட்டும்போது அவருக்கு வயது 17. இரண்டாவது தொமசின் ஒரே வருஷத்தில் பிள்ளைப்பேற்றோடு போய்விட்டாள். மூன்றாவது மார்கரெட், 1647 வரை. கடைசி மார்த்தா, ஒரு விதவை. நாலு பேருக்கும் சேர்த்துப் பிள்ளைகள் 16. பாதிக்குமேல் தகப்பனுக்கு முந்தியே போய்விட்டன. ஆன் என்ற பெயரை மூன்று பெண்குழந்தைகளுக்கு வைத்தார்கள், மூன்றும் கைக்குழந்தையிலேயே இறந்தன. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். இது தெரியாதவர் மூன்று ஆன்களையும் ஒரே ஆள் என்று எழுதிவிடுவார்.

நம்மிடம் அந்தச் சிக்கல் வேறு விதமாக வரும். பேரனுக்குத் தாத்தா பெயர். முத்துசாமி மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்துசாமி. முதல் முத்துசாமிக்கு 1, பேரனுக்கு 2 என்று பெயருக்கு மேலே நம்பர் போட்டுவிடுங்கள். கிளாக்கர்மார் அதே முத்துசாமியை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படித்துத் தேடுங்கள்.

மரம் வரைய வின்த்ரோப் குடும்பம் மிக நல்லது. ஆங்கிலத்தில் படித்தால் அவருடைய பிள்ளைகள் ஹென்றியும் ஜோனும் கட்டிய எலிசபெத், மார்த்தா இருவரும் ஏதோ தூரத்து உறவு போலத் தெரியும். கோடு போட்டுப் பாருங்கள். வின்த்ரோப்பின் கூடப்பிறந்தவள் ஆன், லண்டன் மருந்துக்கடைக்காரர் தோமஸ் ஃபோன்ஸைக் கட்டினாள். அவளுடைய பெண்கள்தான் இவர்கள். அண்ணன் தம்பி இருவரும் அத்தை மகள்களைக் கட்டியிருக்கிறார்கள்! இதைக் கண்டுபிடிக்கும் நாளில் வகுப்பில் வரும் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். பியூரிட்டன் என்ற சொல்லின் மேலிருந்த பயம் அதோடு போய்விடும்.

பெரிய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த பெண் ஒவ்வொருத்திக்கும் அவளுடைய தகப்பன் பெயர், அவள் பிறந்த தோட்டம், அவள் தாயின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் குடும்பங்கள் நகர்ந்த தடம் பெண் கொடுத்து எடுத்ததில்தான் தெரியும்.

எழுதியது யார், எதற்கு

ஒரே மனிதர், ஒரே சாவு, இரண்டு தாள். வேறு எதை மறந்தாலும் இதை வகுப்பில் நான் விடுவதில்லை.

மகன் ஹென்றி தகப்பனுக்குப் பின்னால் வேறு கப்பலில் வந்தான். 22 வயது. கலியாணம் முடித்து, கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டு வந்தவன். சேலத்தில் இறங்கிய கையோடு, 1630 ஜூலை 2, தண்ணீரில் மூழ்கிப் போனான். தகப்பனின் நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரே வரி. மகன் பெயர், மூழ்கிய செய்தி, ஊர். அவ்வளவுதான். கல்நெஞ்சுக்காரன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு, அதே மாதம் அவர் மார்கரெட்டுக்கு எழுதிய கடிதத்தை எடுப்பேன். அதில் மகன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். நாட்குறிப்பு குடியேற்றத்தின் கணக்கு, கடிதம் பெண்சாதிக்கு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அந்த மனிதனை எழுதினால் தப்பு.

நம் தாள்களில் பெரும்பாலும் அந்த இரண்டாவது தாள் இல்லை. வின்த்ரோப்பைப் பற்றி வின்த்ரோப்பே எழுதினார். நம் பூட்டனைப் பற்றித் துரையின் அலுவலகம் எழுதியது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகை, சம்பளப் பதிவில், பெயர் இருக்கும், முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் வேலையா அரைநாளா) இருக்கும், அரிசிக்கும் கம்பளிக்கும் சம்பளத்தில் பிடித்தது இருக்கும். அன்றைக்குப் பிள்ளை செத்தது இருக்காது, வேலைக்கு வராதது மட்டும் இருக்கும். ஆகவே கையில் கிடைக்கும் ஒவ்வொரு தாளின் பிரதிக்குக் கீழும் இரண்டு வரி எழுதுங்கள்: இதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்.

தாள்கள் எங்கே இருக்கும்? முதலில் டிரங்குப் பெட்டியில். பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்கள், பழைய அரிசிக் கூப்பன், சேமலாப நிதி அட்டை, சங்கத்துச் சந்தாத் துண்டு. இவற்றைவிடப் பெறுமதியானது பிரஜாவுரிமைத் தாள். 1948 சட்டம் நம்மைக் கழித்துவிட்டது. அடுத்த வருஷம் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டுமானால், எவ்வளவு காலம் இங்கே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். கலியாணம் ஆகாதவருக்கு 1946க்கு முந்திய பத்து வருஷம், ஆனவருக்கு ஏழு. அதற்காகச் சேர்த்த தாள்களில் எந்தெந்தத் தோட்டம், எந்தெந்த வருஷம், மனைவி பிள்ளைகள் யார் என்று எல்லாம் வந்துவிடும். நம்மைத் துரத்த எழுதிய சட்டம்தான் நம் வம்சாவளிக்கு நல்ல தாளைக் கொடுத்தது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் வீட்டில் பாஸ்போட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அவற்றில் பூர்வீக ஊரையும் தாலுகாவையும் தேடுங்கள். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுக்க வேண்டும் என்று முதல் ஒப்பந்தம் எழுதியது. அப்படிப் போனவர்களில் உங்கள் குடும்பத்தின் ஒரு கிளையும் இருக்கும்.

சில வீடுகளில் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு தகரத் துண்டு கிடக்கும். 1900களின் தொடக்கத்திலிருந்து, ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் காட்ட நம்பர் அடித்துக் கொடுத்த துண்டு. கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். அதைத் துலக்கிவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்த்தால் நம்பர் போய்விடும். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். நேரே பார்த்தால் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து நிற்கும்.

தோட்ட அலுவலகத்துக்குப் போவதானால் மாதச் சம்பள நாளில் போக வேண்டாம். பிரதேச செயலகத்தில் பத்திரப் பிரதி எடுக்கலாம், திகதி சரியாகத் தெரியாவிட்டால் தேடுவதற்கும் மனு கொடுக்கலாம். கொழும்பில் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. பழைய பெர்குசன் டைரக்டரிகளில் தோட்டத்தின் பெயர், பரப்பு, துரை பெயர் கிடைக்கும், தொழிலாளி பெயர் ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனாலும் பாருங்கள். இன்றைக்கு ஒரே தோட்டமாக இருப்பது அன்றைக்கு மூன்று நாலு தோட்டம். பாட்டி சொல்லும் பெயர் வரைபடத்தில் இல்லையென்றால் காரணம் அங்கேதான்.

பாட்டியிடம் கேட்பது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள். வேலை நாளில் கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டிய பெண்ணிடம் வரலாறு கேட்கக்கூடாது. போனைப் பதிவில் போட்டு, பதிகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூர வையுங்கள். தாத்தாவிடம் கேட்டால் சங்கத்துக் கதை வரும், துரையை எதிர்த்துப் பேசிய கதை வரும். ஆட்களின் கதை பெண்களிடம்தான். வருஷத்தைக் கேட்காதீர்கள், "ஏன் வந்தாங்க" என்றும் தொடங்காதீர்கள். யார் வீட்டில் பெண் கேட்டார்கள் என்று தொடங்குங்கள்.

என் மனைவியின் அப்பாயியிடம் நான் கேட்டது இது.

"அப்பாயி, ஒங்கள எந்தத் தோட்டத்துல இருந்து கட்டிக்கிட்டு வந்தாங்க?"

"மஸ்கெலியாப் பக்கம். அந்தத் தோட்டம் இப்ப தண்ணிக்குள்ள."

"ஒங்க அம்மா?"

"எங்கம்மா அக்கரையில பொறந்தவ. நடக்கத் தெரியாத பிள்ளையா தூக்கிட்டு வந்தாங்களாம். கூட ஒரு அண்ணன் இருந்தானாம்."

"அவரு என்ன ஆனாரு?"

"வரல."

அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் அடுத்த கேள்வியை விழுங்கிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, சாமியைப் பற்றிக் கேளுங்கள். அது பேச்சை மாற்றுவதற்கு மட்டுமல்ல. குலதெய்வம் எது, எந்த ஊரில் கோயில், பிள்ளைக்கு முதல் முடி இறக்கியது எங்கே என்ற கேள்விகள் நேராக ஊருக்குக் கொண்டுபோய்விடும். தோட்டத்து மாரியம்மனும் தேயிலை ஆலையைக் காக்கும் ரோதைமுனியும் இங்கே வந்த பிறகு சேர்ந்த சாமிகள். குலசாமி கூடவே வந்த சாமி. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று ஜில்லாப் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. கோயிலைக் கண்டுபிடித்தால் அதே சாமியைக் கும்பிடும் பங்காளிகள் இன்னும் அந்த ஊரில் இருப்பார்கள்.

நீலகிரியில் போய்க் குடியேறிய உறவுகளை மறக்காதீர்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் நம்மாட்கள் ஏராளம். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் என்ற கப்பலில் இந்தியாவுக்குப் போகும்போது குடும்பத்துத் தாள்களையும் கட்டிக்கொண்டுதான் போனார்கள். இங்கே தொலைந்தது அங்கே இருக்கக்கூடும். வாட்ஸப்பில் ஒரு படம் கேட்பதற்கு என்ன.

அறை அறையாகச் சாமான் எழுதுங்கள்

மசாசூசெட்ஸில் ஒருவர் இறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சிலர் சேர்ந்து வீட்டுக்குள் போய், அறை அறையாக இருக்கும் சாமானை எழுதி விலை போடுவார்கள். மெத்தை, ஈயப் பாத்திரம், இரும்புச் சட்டி, வேதாகமம், பசுமாடு, கிழிந்த போர்வைகூட. அந்தப் பட்டியல்களிலிருந்துதான் அவர்கள் எப்படிச் சமைத்தார்கள், எத்தனை பேர் ஒரு கட்டிலில் படுத்தார்கள் என்று இன்று தெரிகிறது.

நம் வீட்டுக்கு யாரும் அப்படி எழுதவில்லை. நீங்களே எழுதுங்கள். பாட்டி கலியாணமாகி வந்த வருஷத்தில் அந்தக் காம்பராவில், லயத்து அறையில், என்ன இருந்தது? கதவிலிருந்து தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி வரச் சொல்லுங்கள். இஸ்தோப்பில், முன் திண்ணையில், கூடை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு. உள்ளே அடுப்பு, அம்மி, தண்ணிக் குடம், சாக்குப் படுக்கை, கறுப்புக் கம்பளி. கம்பளி எத்தனை? எத்தனை பேருக்கு? புகை போக வழி இருந்ததா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் யார் எங்கே படுத்தார்கள் என்று தரையில் சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சாமான் அக்கரையிலிருந்து வந்தது என்று கடைசியில் கேளுங்கள். வருஷத்துக்கு வாய் திறக்காதவர் அம்மிக்கல்லைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்.

தாளில் இல்லாதவர்கள்

எழுத உட்காருமுன் ஒரு சோதனை. வின்த்ரோப்பின் கதையைக் கடலில் தொடங்கிக் கரையில் முடித்தால், அந்தக் கரையில் ஏற்கெனவே இருந்த மாசாசூசெட் மக்கள் கதையில் வரமாட்டார்கள். 1637 பீக்வாட் போரில் பிடிபட்டவர்களைக் குடியேறிகள் அடிமைகளாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். வின்த்ரோப் வீட்டிலும் அப்படிப் பிடிபட்டவர்கள் இருந்தார்கள். போரில் பிடித்தவரை அடிமையாக வைக்கலாம் என்று 1641இல் சட்டமே எழுதினார்கள். குடும்ப மரத்தில் இவர்களுக்குக் கோடு இல்லை. ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்.

நம் பூட்டன் வெள்ளைக்காரக் குடியேறி அல்ல, வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆள். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பிள்ளைக்கு நான் புள்ளி குறைப்பேன். ஆனால் கேள்வி நமக்கும் உண்டு. 1840 சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கி விற்றபோது, இந்த மலைகளில் மாடு மேய்த்து, சேனை வெட்டி வாழ்ந்த கண்டிச் சிங்களக் கிராமங்கள் இருந்தன. உங்கள் தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமத்தின் பெயரை எழுதுங்கள். அவர்களோடு பூட்டனுக்கு என்ன கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று கேளுங்கள். நம் ஆட்களுக்குள்ளேயே தாளுக்கு வராதவர்களும் உண்டு: கங்காணியிடம் கடன்பட்டு இன்னொரு தோட்டத்துக்குக் கடன் எழுதிய துண்டோடு மாற்றப்பட்டவர்கள், சாதி சொல்லி லயத்தின் கடைசிக் காம்பராவில் வைக்கப்பட்டவர்கள். வீட்டில் இதைப் பேச விரும்பமாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். சொன்னால் எழுதுங்கள், சொல்லாவிட்டால் அழகுபடுத்தாதீர்கள்.

எழுதும்போது

இரண்டு பேனை. தாளில் பார்த்தது நீலம், காதால் கேட்டது சிவப்பு. முதல் வரைவில் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும், வெட்கப்பட வேண்டாம். ஒரே சங்கதியை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் சிவப்புக்குக் கீழே கோடு போடுங்கள். பூட்டன் என்ன நினைத்தார், வழியில் என்ன பேசினார் என்று கற்பனையில் எழுத வேண்டாம். ஹென்றி செத்த வரியைப் போலச் சுருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிரதியை வீட்டிலேயே வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயத்தோடு தாள்களும் போயின. மலைக் குளிரில் பெட்டிக்குள் இருந்தாலும் தாள் ஈரம் பிடிக்கும். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே பூஞ்சணம் பூக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வெயில் காலத்தில் நிழலில் விரித்துக் காயவைத்து, மடிப்பு மாற்றி வையுங்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, ஒரு போட்டோ கொப்பியைப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள், ஒன்றைத் தோட்டம் மாறிப்போன அத்தை வீட்டில், இன்னொன்றைக் கோத்தகிரிக்கு. அங்கேயிருந்து திருத்தம் வரும். பெரும்பாலும் பெயரில்தான் வரும், சில வேளை சண்டையாகவும் வரும். அதையும் திகதி போட்டுக் கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.